நாற்பதுக்கு இறங்காத விலைச்சீட்டு

ஈரோட்டில் ஒரு விலைச்சீட்டு இருந்தது. விரல் அகலம்தான் இருக்கும். ஆனால் ரோஷம் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது.

பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்துச் செய்த சீட்டு அது. ஓரத்தில் கொஞ்சம் தங்கப்பூச்சு ஒட்டிக்கொண்டிருந்ததால், தான் ஏதோ பெரிய இடத்துப் பிள்ளை என்று அதற்கு நினைப்பு. நூலில் பின்னிய ஒரு சிவப்புப் பூக் கிளிப்பின் கழுத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் இந்துமதி.

இந்துமதி முன்பு பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். குழந்தை பிறந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே குரோஷா போட ஆரம்பித்தாள். நுனி கொக்கியாக வளைந்த ஒற்றை ஊசியால் நூலை இழுத்து இழுத்துப் பின்னுகிற வேலை அது. கிளிப்பில் வைக்கும் பூ, கொண்டையைச் சுற்றும் பட்டை, குழந்தைகளுக்கு ஹேர்பேண்ட் என்று தலைக்கு வைக்கிற எல்லாம் அவள் கைக்கு வரும். பார்த்தவர்கள் எல்லாரும் எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் விலையைக் கேட்பார்கள். அங்கேதான் சீட்டுக்கு வம்பு.

முதலில் அதன்மேல் நூற்றிருபது என்று எழுதினாள். நாத்தனார் வந்து பார்த்து, "ஒரு கிளிப்புக்கா?" என்று கன்னத்தில் கை வைத்தாள். உடனே நூற்றிருபதின் மேல் ஒரு கோடு விழுந்தது, பக்கத்தில் நூறு வந்தது. கீழ்வீட்டுக்காரி உதட்டைப் பிதுக்கினாள். நூறும் போய் எண்பது ஆயிற்று. அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவே இல்லை. இவளாகவே பயந்துகொண்டு எண்பதையும் அடித்து அறுபது என்று எழுதினாள்.

ஆக, சீட்டின் மூஞ்சியில் மூன்று கோடு. கண்ணாடி பார்க்கவே அதற்கு வெட்கமாக இருந்தது.

இந்துமதி கணக்கில் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பைசா பிசகாமல் போடுவாள். நூல் பதினைந்து, கிளிப் எட்டு, பூவின் நடுவில் வைக்கிற முத்து நாலு, கவரும் அட்டையும் சேர்த்து ஐந்து. மொத்தம் முப்பத்திரண்டு. அறுபதுக்கு விற்றால் இருபத்தெட்டு லாபம். இதுதான் அவள் கணக்கு.

"ஒரு பூவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று யாராவது கேட்டால், "அது ஒண்ணுமில்லீங்க, சும்மா இருக்கற நேரத்துல போடறது" என்பாள். அவள் வீட்டுக்காரரும் அதையே சொல்வார். நாத்தனாரும் அதையே சொல்வாள். குனிந்த கழுத்து நிமிராமல் ஒன்றரை மணி நேரம் போட்டால் ஒரு பூ வரும். ஆனாலும் அதற்குப் பெயர் சும்மா. நம் ஊரில் பெண்பிள்ளை உட்கார்ந்தபடி எதைச் செய்தாலும் சும்மாதான் போலிருக்கிறது. எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, சீட்டுக்கு வராதா?

இந்த நேரத்தில்தான் குழந்தைவேல் வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவர். பூக் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீபாவளிக்கு இருநூறு பீஸ் வேண்டும், ஒன்றுக்கு நாற்பது ரூபாய் தருகிறேன் என்றார்.

"நாப்பதுங்களாண்ணா?" என்றாள் இந்துமதி.

"உன்ற நூலுக்கும் கிளிப்புக்கும் முப்பத்திரெண்டு போகுதுன்னு நீயே சொல்றே. எட்டு ரூபா உனக்கு நிக்குதில்ல? இருநூறு பீஸுக்கு ஆயிரத்து அறுநூறு. சும்மா உக்காந்திருக்கற நேரத்துல வர்ற காசு அம்மிணி. யோசிச்சுச் சொல்லு. ஞாயித்துக்கிழமை மண்டபத்துல கடை போடறயில்ல, அங்கயே வந்து அட்வான்ஸ் குடுத்துடறேன்."

ஆயிரத்து அறுநூறு என்று கேட்டதும் அவளுக்கு மனசு கொஞ்சம் ஆடித்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சாமான்களை எடுத்து வைக்கும்போதே, "சரின்னு சொல்லிட வேண்டியதுதான். புதுசா நாப்பதுன்னு சீட்டு வெட்டிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சீட்டு அதைக் கேட்டுவிட்டது.

ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் எல்லாச் சாமான்களும் ஏறின. பூக் கிளிப்புகள், மிச்ச நூல்கண்டு, குரோஷா ஊசி, கவர் கட்டு, ஒரு பேனா. பையைத் தூக்கிக்கொண்டு இந்துமதி டவுன் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டையும் பைக்குள் செருகினாள். பஸ் நகர்ந்ததும் விலைச்சீட்டு பைக்குள்ளேயே ஒரு கூட்டம் போட்டுவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இன்னைக்கு இவ என்னைய நாப்பதுக்கு எறக்கப் போறா. எறங்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு விவரம் தெரியணும். நான் யாராருக்காக நிக்கறேன்? அவங்கவங்க பங்கு எவ்வளவுன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க."

நூல்கண்டுதான் முதலில் உருண்டு வந்தது. "எனக்குப் பதினஞ்சு. அதுல ஒரு ரூபா குறைச்சுக் கேட்டுப் பாரேன், கடைக்காரர் என்னையத் திரும்ப அலமாரியில வெச்சுடுவாரு."

"எனக்கு எட்டு," என்றது கிளிப்பு. இரும்புக் குரல் அதற்கு. "பேரம் எல்லாம் நம்மகிட்ட நடக்காது."

"எனக்கு நாலு," என்றது முத்து, கீச்சென்று. "நான் நெஜ முத்து இல்லதான். அதுக்காக ஓசியில வர முடியுமா?"

கவரும் அட்டையும் ஒன்றாகக் கை தூக்கி ஐந்து என்றன. பஸ் டிக்கெட்டுக்குத்தான் பொறுக்கவில்லை. "நூல் வாங்கப் போனப்பவும் நான்தான் போனேன். இப்பவும் நான்தான் கூட்டிட்டுப் போறேன். எறங்கினதும் கசக்கிப் போட்டுடறா. என்னைய எந்தக் கணக்குல எழுதியிருக்கா, கேட்டுச் சொல்லுங்க," என்றது.

"அது நியாயமான கேள்விதான்," என்றது சீட்டு. "ஊசியக்கா, உங்களுக்கு எவ்வளவு?"

ஊசி பையின் அடியில் படுத்திருந்தது. அது அதிகம் பேசாது. பேசினால் குத்தும். "என்னைய ஒரு தடவை காசு குடுத்து வாங்கிட்டா. தேஞ்சு போறவரைக்கும் அது போதும். எனக்கு என்ன வேணும்னு கேக்கறதை விட்டுட்டு, வெளியே ஒருத்தர் தொங்கிட்டு வர்றாரே, அவருக்கு என்ன வேணும்னு கேளு," என்றது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பையின் காதைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வர இடமில்லாமல், நேரம் தொங்கிக்கொண்டு வந்தது. இளைத்துப் போயிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதுவும் குலுங்கியது.

"நீ எதுக்கு வந்தே?" என்றது நூல்கண்டு. "உன்னைய எந்தக் கடையில வாங்கினாங்க? பில்லு இருக்குதா?"

"பில்லு இல்லை," என்றது நேரம்.

"அப்பக் கணக்குல மட்டும் எடம் எப்படி வரும்?"

நேரம் பையின் காதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பாவம், அதற்குப் பழகிவிட்டது.

ஊசிக்குத்தான் கோபம் வந்துவிட்டது. "ஏப்பா நூலு, ரொம்பத்தான் துள்றே. நீ கண்டாவே கெடந்திருந்தா உன்னைய யாரு தலையில வெச்சுக்குவா? உன்னையப் பூவாக்கினது யாரு? நானா? நான் வெறும் கம்பி. என்னைய ஒன்றரை மணி நேரம் கையில பிடிச்சு அவ உக்காந்திருந்தா பாரு, அந்த ஒன்றரை மணி நேரம்தான் இது. நீ பதினஞ்சு ரூபா வாங்கிட்டு உள்ள சொகுசா வர்றே, அது வெளிய தொங்கிட்டு வருது."

நூல்கண்டு பையின் ஓரமாக உருண்டு போய்ப் பதுங்கிக்கொண்டது.

"உங்களுக்கு எப்பவுமே விலை கெடையாதா?" என்று சீட்டு நேரத்திடம் கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது.

"எப்பவுமே இல்லைன்னு சொல்ல முடியாது," என்றது நேரம். "இவ பனியன் கம்பெனியில இருந்தப்ப மணிக்கு அறுபது ரூபான்னு என்னைய வாங்கிட்டிருந்தாங்க. அஞ்சு நிமிஷம் லேட்டாப் போனா புடிச்சுக்குவாங்க. அவ்வளவு மதிப்பு எனக்கு. அதே கையி, அதே கண்ணு, அதே நான். கம்பெனிப் படியை விட்டு எறங்கி வீட்டுப் படி ஏறினதும் எனக்குச் சும்மான்னு பேரு வெச்சுட்டாங்க. இருநூறு பூவுன்னா தீபாவளி வரைக்கும் நான் பூரா அதுக்குள்ள போயிடுவேன். குழந்தைகூட உக்காந்து பேச, தலைக்கு எண்ணெய் வெச்சுக்க, படுத்து எந்திரிக்க எதுக்கும் நான் மிச்சமிருக்க மாட்டேன்."

சீட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்ப இத்தனை நாளா நான் பொய்யா சொல்லிட்டிருந்தேன்? போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் இதான் விலை, இதான் விலைன்னு நெஞ்சை நிமித்திட்டு நின்னேனே. உங்க பங்கே இல்லாத விலை என்ன விலை?"

"மூணு கோட்டையும் போட்டது நான்தான்," என்றது பேனா மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் கூசிப் போச்சு. இனிமேல் என்னைய வெச்சு உன்னைய யாரும் அடிக்க முடியாது. எழுதவே மாட்டேன், போ."

"எழுதலைன்னா தூக்கிப் போட்டுடுவா."

"போடட்டும். அஞ்சு ரூபாப் பேனா நான். எனக்கென்ன சொத்தா போகுது?"

மண்டபத்தில் விற்பனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். மேசைக்கு வாடகை உண்டு. இந்துமதிக்கு ஒரு பக்கம் வடகம் விற்கும் சரசக்கா, எதிர்ப்பக்கம் எதை எடுத்தாலும் பத்து ரூபாய்க் கடை. இந்துமதி மேசையில் துணியை விரித்து, பூக் கிளிப்புகளை வரிசையாக அடுக்கினாள். நேரத்துக்கு அங்கேயும் இடம் போடவில்லை. அது மேசை மூலையில் சாய்ந்துகொண்டு நின்றது.

எதிர்க்கடையில் குவிந்து கிடந்த பிளாஸ்டிக் கிளிப்பு ஒன்று எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"என்ன சீட்டண்ணே, மூஞ்சியெல்லாம் கோடு? என்னையப் பாருங்க. மூணு பேரு சேர்ந்து பத்து ரூபா. இதுவரைக்கும் ஒருத்தராவது ஏன்னு கேட்டிருப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க," என்றது சீட்டு. "உன்னைய எடுத்து வெச்சுட்டு, நாளைக்கு உடைஞ்சா நாளான்னைக்கு இன்னொண்ணு வாங்குவாங்க. உன்னைய அச்சிலிருந்து எடுத்தது யாருன்னு உனக்காவது தெரியுமா?"

பிளாஸ்டிக் கிளிப்பு வாயைத் திறந்து, மூடியது. அதன் சிரிப்பு போய்விட்டது. "ஒரு கை இருந்துச்சு. பொம்பளைக் கைதான். சூடா இருக்கறப்பவே என்னைய வெளிய எடுத்துச்சு. முகத்தைப் பாக்கறதுக்குள்ள அடுத்ததை எடுக்கப் போயிடுச்சு," என்றது. அப்புறம் அது இந்தப் பக்கம் திரும்பவில்லை. சீட்டுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாய் நீளம் என்று தன்னையே திட்டிக்கொண்டது.

இந்துமதி ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மண்டபத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு குழந்தைவேல் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் தங்க மூடி போட்ட பேனா. நேராக அவள் மேசைக்கு வந்து, சரசக்கா வைத்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போணி ஆச்சா அம்மிணி?"

"இன்னும் இல்லீங்கண்ணா. இப்பத்தான் கடை விரிச்சேன்."

"நல்லதாப் போச்சு. அப்ப நான்தான் போணி. என்ற கை ராசியான கை, ஊருக்கே தெரியும்." ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து மேசைத் துணியின் நடுவில் வைத்தார். "இது அட்வான்ஸ். நாப்பதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடு. காலங்காத்தால போணிக்கு வந்தவனை இல்லைன்னு சொல்லாத, நல்லா இருக்காது."

கடை வைத்தவர்களுக்குத்தான் போணியின் அருமை தெரியும். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்குப் பூராவும் வியாபாரம் ஓடாது என்பார்கள். நஷ்டத்துக்காவது கொடுத்து அனுப்புவார்கள். குழந்தைவேல் இதைத் தெரிந்துதான் அவ்வளவு சீக்கிரம் வந்தார். பாலுக்கு முன்னால் பூனை வந்த மாதிரி.

நோட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு இந்துமதியைப் பார்த்தது. "என்ன யோசனை? எடுத்துக் கண்ணுல ஒத்திக்க," என்றது. அதன் குரல் சர்க்கரைப்பாகாக இழுத்தது. "நாத்தனாருகிட்டக் காட்டு. அப்புறம் யாராவது உன்னையச் சும்மா உக்காந்திருக்கறவள்னு சொல்லுவாங்களா?"

இந்துமதியின் கை நோட்டுப் பக்கம் போயிற்று. பாதியில் திரும்பி, சிவப்புப் பூக் கிளிப்பை எடுத்தது. புதுச் சீட்டு வெட்ட நேரமில்லை, இதிலேயே அடித்து எழுதிக் கொடுக்கலாம் என்று பேனாவை எடுத்தாள்.

பேனா எழுதவில்லை.

உதறினாள். உள்ளங்கையில் கிறுக்கினாள். அங்கே நன்றாக எழுதிற்று. சீட்டில் வைத்து அழுத்தினாள். ஒரு புள்ளிகூட விழவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் குழந்தைவேல்.

"தெரியலீங்கண்ணா. இப்ப எழுதுச்சு."

"இந்தா, என்ற பேனா." தங்க மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அந்தப் பேனா பளபளவென்று மை கசிந்துகொண்டு வந்தது. முதலாளிமார் பேனா அப்படித்தான், எதை எழுதச் சொன்னாலும் எழுதும். ஐந்து ரூபாய்ப் பேனா மேசைமேல் உருண்டு போய்க் கையாலாகாமல் படுத்துக்கொண்டது.

இனிமேல் தன்னைத் தவிர யாரும் இல்லை என்று சீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

பொருள்கள் பேசுவது குழந்தைவேலுக்குக் கேட்காது. கேட்டிருந்தால் அவர் என்றைக்கோ கடையைச் சாத்தியிருப்பார். ஆனால் நாள் முழுக்க அவற்றை மடியில் போட்டுப் புழங்குகிறவளுக்குக் கேட்கும்.

"எழுதறதுன்னா எழுது தாயி," என்றது சீட்டு. "நான் தடுக்கலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு எழுது. இந்த நாப்பதுல நூல் இருக்குது. கிளிப்பு இருக்குது. முத்து இருக்குது. கவரு இருக்குது. நீ எங்க இருக்கே?"

இந்துமதியின் கை நின்றது.

"எட்டு ரூபா இருக்குதே," என்றாள் மெல்ல.

இதற்குமேல் நேரத்தால் மூலையில் நிற்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது கூப்பிடாமலே முன்னால் வந்தது. "எட்டு ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரம். மணிக்கு அஞ்சு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. இப்பக் குடிச்சியே, அந்த டீ எவ்வளவு?"

"பன்னெண்டு."

"ரெண்டு மணி நேரம் கழுத்து வலிக்க வலிக்க உக்காந்தா உனக்கு ஒரு டீ வராது. இருநூறு பூவுக்கு முந்நூறு மணி நேரம் நான். என்னைய இந்த ஆளுக்கு அஞ்சு ரூபான்னு தாரை வாக்கப் போறியா? கம்பெனிக்காரன் அறுபது குடுத்தான். அவன்கூட உன்னையச் சும்மான்னு சொல்லலை. நீதான் சொல்றே."

கடைசி வார்த்தைதான் அவளைப் பிடித்து உலுக்கியது. நாத்தனார் சொன்னாள், வீட்டுக்காரர் சொன்னார் என்பதெல்லாம் இருக்கட்டும். கேட்டவர்களுக்கெல்லாம் முதலில் அப்படிச் சொன்னது அவள்தான். அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் நல்ல சூடாக இருந்தது.

தங்கப் பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஏனுங்கண்ணா, இதைச் சும்மா உக்காந்திருக்கற நேரத்துல போடறதுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா, பின்னே?"

"நீங்களும் இப்பச் சும்மாதானே உக்காந்திருக்கீங்க. இந்தாங்க ஊசி, இந்தாங்க நூலு. ஒரே ஒரு இதழ் போட்டுக் குடுங்க. இருநூறையும் நாப்பதுக்கே தர்றேன்."

சரசக்கா வடகப் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எதிர்க்கடைக்காரரும் பார்த்தார். நாலு பேர் பார்க்கும்போது வேண்டாம் என்று சொல்லக் குழந்தைவேலுக்கு மனசு வரவில்லை. "இதென்ன பெரிய வித்தையா?" என்று சிரித்துக்கொண்டே ஊசியை வாங்கினார். இந்துமதி முதல் முடிச்சைப் போட்டுக் காட்டினாள்.

ஊசி அவர் கையில் விறைத்துக்கொண்டு நின்றது. அது ஒன்றும் சதி செய்யவில்லை. பிடிக்கத் தெரியாத கையில் அது வெறும் கம்பிதான், அது முன்னமே சொன்னதுதானே. நூல்கண்டு அவர் விரலைச் சுற்றிக்கொண்டது. கொக்கியில் நூல் மாட்டினால் கண்ணியிலிருந்து வெளியே வரவில்லை. வெளியே வந்தால் கண்ணி அவிழ்ந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. முழங்கால்மேல் அழுக்கு உருண்டையாக ஏதோ ஒன்று வந்திருந்தது. இதழ் இல்லை.

சரசக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குழந்தைவேல் ஊசியை மேசையில் போட்டார். "இதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்? கடையில ஆயிரம் வேலை கெடக்குது. ஒரு நிமிஷம்னாலும் எனக்குக் காசு அம்மிணி."

நேரம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"உங்க நிமிஷத்துக்குக் காசு," என்றாள் இந்துமதி. "என்ற ஒன்றரை மணி நேரம் சும்மாங்களா?"

"அது வேற, இது வேற."

"எப்படிங்கண்ணா வேற? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவர் வேட்டியில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டார்.

இந்துமதி மேசையிலிருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தாள். நோட்டு நம்பவே இல்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தது. அவள் அதை அவர் கையில் வைத்தாள்.

"அடியே, போணிக் காசைத் திருப்பிக் குடுக்காதடி," என்று பதறினாள் சரசக்கா. "நாள் பூரா ஈ ஓட்டிட்டு உக்காந்திருப்பே."

"ஓட்டறேங்க்கா. ஈ ஓட்டறதுக்காவது கழுத்து வலிக்காது."

ஐந்து ரூபாய்ப் பேனாவை எடுத்தாள். சீட்டைப் புரட்டி, கோடு விழாத பின்பக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டாள். "சாமான் முப்பத்திரெண்டு. என்ற கூலி ஒன்றரை மணி நேரத்துக்குத் தொண்ணூறு. பஸ்ஸுக்கும் மேசை வாடகைக்கும் பூவுக்குப் பதினெட்டு." டிக்கெட் பைக்குள்ளிருந்து துள்ளியது. "நூத்தி நாப்பது."

பேனா எழுதியது பாருங்கள், அப்படி ஓர் அழுத்தம். இரண்டு தடவை எழுதின மாதிரித் தடித்துக்கொண்டு வந்தது மை. ஒவ்வொரு சீட்டாக எடுத்து எல்லாவற்றிலும் நூற்று நாற்பது என்று எழுதினாள்.

"நூத்தி நாப்பதா? ஒரு கிளிப்பு? உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" குழந்தைவேல் எழுந்துவிட்டார். "இந்த விலைக்கு எவ வாங்குவா?"

"வாங்கறவங்க வாங்கட்டுங்க."

"யாரும் வாங்கலைன்னா?"

"பூவு எங்கிட்டவே இருக்கும். அழுகிப் போயிடாதுங்கண்ணா, நூல்பூவுதான்."

குழந்தைவேல் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஐம்பது. கடைசி. ஐம்பதுக்குத் தர்றியா?"

"நூத்தி நாப்பதுங்க."

"போணி பண்ண வந்தவனை அனுப்பறே. பாத்துக்க."

"பாத்துக்கறேங்க."

அவர் கிளம்பினார். பேரம் பேசுகிறவர்கள் எப்படிக் கிளம்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நாலு எட்டு வைப்பார்கள். கடைக்காரி பின்னாலேயே "சரி வாங்க, வாங்க, எடுத்துக்கங்க" என்று கூப்பிடுவாள் என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டே நடப்பார்கள். குழந்தைவேலும் அப்படித்தான் நடந்தார். எதிர்க்கடையில் ஒரு சீப்பை எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தார். கொஞ்ச தூரம் போய் வேட்டியை மடித்துக் கட்டினார். கதவுக்குப் பக்கத்தில் போய்ச் செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனிந்தார்.

ஆயிரத்து அறுநூறு ரூபாய் கதவோரம் குனிந்து நின்றுகொண்டிருந்தது. சரசக்கா இந்துமதியின் தோளை இடித்து, "கூப்புடுடி, கூப்புடு" என்று கிசுகிசுத்தாள். இந்துமதியின் தொண்டை வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. சீட்டு அவளைப் பார்த்தபடி தொங்கியது. அதற்குமேல் சீட்டால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். குழந்தைவேல் உருட்டி மேசையில் போட்டுவிட்டுப் போன நூலை எடுத்துப் பொறுமையாகச் சிக்கெடுத்தாள். மேசையடியிலிருந்த ஸ்டூலை இழுத்து நேரத்துக்குப் போட்டாள். நேரம் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தது. அவள் ஊசியை எடுத்துப் புதிதாக ஒரு பூவுக்கு முதல் கண்ணி போட்டாள்.

கதவருகே குழந்தைவேல் நிமிர்ந்தார். இன்னும் குரல் வரவில்லை. அவரால் நம்ப முடியவில்லை. திரும்பி, மண்டபத்து நடுவே எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"என்ன அம்மிணி, கூப்பிட்டியா?"

இந்துமதி தலை நிமிரவில்லை.

"இல்லீங்கண்ணா," என்றாள். "நான் வேலையா இருக்கேன்."